அம்பாசிடர் பெரியப்பாவின் பேச்சில் எதை எடுத்துக்கொள்ளலாம்?

கேள்வி சுருக்கமாக இது: காட்பாடிக்காரர் ஒருவர் முதல் புதுக்கார் வாங்கப் போகிறார். பட்ஜெட் சுமார் 10 லட்சம். பெரியப்பா 1984 மாடல் பெட்ரோல் அம்பாசிடரை இன்னும் ஓட்டுகிறார். “இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா, விளம்பரம் எல்லாம் புளுகு” என்பது அவர் தீர்ப்பு. பழைய கார் பிரியர்கள் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். அதில் எவ்வளவு உண்மை, அந்த அம்பாசிடரை விடாமல் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்.

பாதுகாப்பில் பெரியப்பா சொல்வது தவறு. ரிப்பேர் விஷயத்தில் பெரும்பாலும் சரி. விளம்பரத்தின் மேல் அவருக்கு உள்ள கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் காலத்து விளம்பரம் யோக்கியமாக இருந்தது என்பது பாசத்தில் வரும் பேச்சு. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு கேள்வியை: “பத்தாவது வருஷம் இது என்ன ஆகும்?” எந்த விளம்பரமும் தானாக அதற்குப் பதில் சொல்லாது.

முதலில் தகரம். அம்பாசிடரின் மட்கார்டைத் தட்டினால் ‘டங்’ என்கிறது, புதுக்கார் கதவை விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. இது எல்லோரும் பார்ப்பதுதான். பழைய வண்டிகளின் வெளித்தகடு ஏறக்குறைய 1 மி.மீ. இருக்கும், இன்றையது 0.7 மி.மீ. பக்கம். ஆனால் விபத்தில் உயிரைக் காப்பது வெளித்தகடு கிடையாது. கண்ணாடியை ஒட்டிய தூண், இரண்டு கதவுக்கும் நடுத்தூண், கதவுக்கடியில் ஓடும் ‘சில்’ என்ற நீளச் சட்டம் ஆகியவை சேர்ந்த உள்கூடுதான் காக்கிறது. இன்று அந்த இடங்களில், சூடாக்கி அச்சில் அழுத்திக் குளிரவைத்த போரான் எஃகு வருகிறது. இழுவிசையில் அது 1,500 மெகாபாஸ்கல் வரை தாங்கும். சாதாரண மைல்டு ஸ்டீல் 300-ஐ ஒட்டியே நிற்கும். வண்டியின் முகப்பு மட்டும் வேண்டுமென்றே நசுங்கும்படி செய்யப்படுகிறது. மோதலின் வேகத்தை அது தின்றுவிட்டால் உள்ளே இருப்பவருக்கு வருவது குறையும்.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2009-ல் 1959 மாடல் செவர்லே பெல் ஏர் காரையும் 2009 மாடல் செவர்லே மாலிபுவையும் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில், முகப்பின் ஒரு பக்கம் மட்டும் படும்படி நேருக்கு நேர் மோதவிட்டது. பெல் ஏர் பெரிய, கனமான இரும்பு வண்டி. அதன் கேபின் மடிந்து ஸ்டியரிங் ஓட்டுநர் பொம்மையின் மேல் வந்து விழுந்தது. மாலிபுவின் கேபின் அப்படியே நின்றது. வீடியோ இணையத்தில் கிடைக்கும், பெரியப்பாவுடன் உட்கார்ந்து பாருங்கள். அம்பாசிடரிலும் ஸ்டியரிங் தண்டு நேராக நெஞ்சைப் பார்த்த ஒரே கம்பிதான். 1984 வண்டியில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஏர்பேக் கிடையாது. இத்தனைக்கும் அம்பாசிடரின் எடை 1,100 கிலோவுக்குச் சற்று மேல். இன்றைய 4 மீட்டர் எஸ்யூவி பலவும் அதே எடையோ அதற்கு மேலோ இருக்கின்றன. ‘கனமான வண்டி’ என்பதே பாதி பிரமை.

இதில் ஒரு எச்சரிக்கை. அந்தக் கடின எஃகுத் தூண் விபத்தில் வளைந்தால் பட்டறையில் கேஸ் வைத்துச் சூடாக்கித் தட்டி நிமிர்த்தக் கூடாது. சூடு பட்டதும் அதன் கடினம் போய்விடும். பெயின்ட் அடித்தபின் பார்த்தால் தெரியாது, அடுத்த மோதலில் தெரியும். கம்பெனி சொல்லும் இடத்தில் வெட்டி, புதுத் துண்டு வைத்துத்தான் வெல்டு செய்ய வேண்டும். அம்பாசிடருக்கு நல்ல டிங்கர் கையும் சுத்தியும் போதும், இதற்குப் போதாது. பழைய வண்டிக்காரர்களின் வாதம் பலம் பெறுவது இங்கிருந்துதான்.

அம்பாசிடரின் 1,489 சி.சி. பி.எம்.சி. இன்ஜினைச் சரிபார்க்க ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஸ்பேனர் செட், ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும். இடைவெளிகள்: டேப்பெட் 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மி.மீ.; பாயிண்ட் 0.4 மி.மீ.; பிளக் 0.6 மி.மீ. இந்த மூன்றையும் வைத்துவிட்டு பெட்ரோல் வருகிறதா, பொறி வருகிறதா என்று பார்த்தால் வழியில் நிற்கும் பத்து வண்டியில் எட்டு ஓடிவிடும். பொறிக்கு உதவும் கண்டென்சர் ஒன்றைக் கூடுதலாக டேஷ்போர்டில் போட்டு வைப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கம்.

புது வண்டி அடிக்கடி கெடாது. கெட்டால் பாகமாகக் கெடாமல் தொகுதியாகப் போகும். முன்பு 7 அங்குல வட்ட லைட் உடைந்தால் எந்த ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலும் வாங்கி மாட்டலாம். இன்று எல்.இ.டி. ஒன்று போனாலும் பெரும்பாலும் முழு ஹெட்லைட் அசெம்பிளியையே மாற்ற வேண்டும். முன்கண்ணாடியில் ஏடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் மின்னணு ஏற்பாடு) கேமரா இருக்கும் வண்டிக்குக் கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி அளவீடு செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் அது சாலையில் போட்ட கோடுகளைத் தவறாகப் படிக்கும். கியர் ஆயிலை ‘ஆயுள் முழுக்க’ என்று எழுதியிருந்தால் யாருடைய ஆயுள் என்று கேளுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியை நம் ஊர் வெயிலில் பத்து வருஷம் வைத்திருக்க நினைப்பவர், கடுமையான உபயோகத்துக்கு வண்டியின் கையேடு சொல்லும் ஆயில் இடைவெளியைக் கேட்டு அதைப் பின்பற்ற வேண்டும்.

டீசல் வாங்க நினைத்தால் இன்னொன்று. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபின் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தள்ள அதற்கு நிற்காத ஓட்டம் வேண்டும். காட்பாடியிலிருந்து பாகாயம், பாகாயத்திலிருந்து காட்பாடி, நடுவில் கிரீன் சர்க்கிள் நெரிசல் என்றே ஓடினால் கரி அடைத்து விளக்கு எரியும். கவனிக்காமல் விட்டால் ஆயிலோடு டீசல் கலந்து ஆயில் மட்டம் ஏறும். வாரத்துக்கு ஒருமுறை வாலாஜா பக்கமோ ஆம்பூர் பக்கமோ நெடுஞ்சாலையில் 60 கி.மீ.க்குக் குறையாமல் அரை மணி நேரம் ஓட்டினால் சரியாகிவிடும். அந்த ஓட்டம் உங்களுக்கு வராது என்றால் பெட்ரோலே எடுங்கள்.

டச் ஸ்கிரீன் பற்றிய புலம்பலும் வெறும் கிழட்டுப் புலம்பல் கிடையாது. ஏ.சி. காற்றைக் கூட்டக்கூட ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருப்பது ஆபத்துதான். ஐரோப்பாவில் கார்களை மோதவிட்டு மதிப்பெண் போடும் யூரோ என்கேப் 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்டு, வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குக் கையால் தொட்டறியும் சுவிட்ச் இருக்க வேண்டும் என்று மதிப்பெண்ணில் சேர்த்திருக்கிறது. டெஸ்ட் டிரைவில் கண்ணைச் சாலையில் வைத்தபடியே ஏ.சி.யையும் கண்ணாடிப் பனி நீக்கியையும் போட்டுப் பாருங்கள்.

எல்லாக் காரும் ஒரே சாயலில் இருக்கின்றன என்பது உண்மை. காரணம் டிசைனர்களின் சோம்பல் இல்லை, வரியும் விதியும். 4,000 மி.மீ. நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள் இருந்தால் சின்னக் காருக்கான குறைந்த வரி. அதனால்தான் இத்தனை கார்கள் 3,995 மி.மீ.யில் வால் வெட்டுப்பட்டு நிற்கின்றன. மூக்கு உயர்ந்து நிற்பதற்குப் பாதசாரிப் பாதுகாப்பு விதியும் ஒரு காரணம். நடந்துபோகிறவர் தலை மோதினால் பானெட் அமுங்க, அதற்கும் இன்ஜினுக்கும் நடுவே இடம் வேண்டும்.

இனி விளம்பரம். இயந்திரத்தைப் பற்றிப் பேசாமல் கனவை விற்பது புதுப்பழக்கம் என்று பழைய கார் பிரியர்கள் சொல்வார்கள். 1923-லேயே நெட் ஜோர்டன் என்ற அமெரிக்கர் தன் ஜோர்டன் பிளேபாய் காருக்கு எழுதிய விளம்பரத்தில் இயந்திரம் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பரந்தவெளி, குதிரைக்காரன், கார் ஓட்டும் பெண், அவ்வளவுதான். மறுபக்கம், 1958-ல் டேவிட் ஓகில்வி ரோல்ஸ் ராய்ஸுக்கு எழுதியது, மணிக்கு 60 மைல் வேகத்திலும் அதிகம் கேட்கும் சத்தம் மின்கடிகாரத்தினுடையது என்று தொடங்கி வரிசையாக எண் போட்டுத் தகவல்களை அடுக்கியது. இரண்டு ரகமும் எப்போதும் இருந்தவை.

நம் நாட்டுக் கதை வேறு. அரசு அனுமதித்த அளவே கார் தயாரித்த லைசென்ஸ் காலத்தில் ஃபியட்டுக்கும் அம்பாசிடருக்கும் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். வாங்குபவன் வரிசையில் நிற்கும்போது விற்பவன் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? அந்த விளம்பரங்களின் அடக்கத்துக்குப் போட்டி இல்லாததே முக்கியக் காரணம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1998-ல் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஷாருக் கான் முகத்தோடு சான்ட்ரோ வந்தது. போட்டியும் கூச்சலும் சேர்ந்தே வந்தன, ஏ.சி., பவர் ஸ்டியரிங், நல்ல பிரேக் ஆகியவையும் அந்தப் போட்டியால்தான் கட்டுப்படியாகும் விலைக்கு வந்தன.

ஆகவே விளம்பரத்தைத் திட்டுவதைவிட அதைப் படிக்கத் தெரிந்துகொள்வது லாபம். முதலில் விலை. பெரிய எழுத்தில் வருவது அடிமட்ட வேரியன்ட்டின் ஷோரூம் விலை. படத்தில் நிற்பது உச்ச வேரியன்ட். உங்கள் பட்ஜெட்டில் ஒரு பொறி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஆயுள் வரி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.9 லட்சம் காருக்கு வரி சுமார் 1.29 லட்சம், 10.1 லட்சம் காருக்கு சுமார் 1.82 லட்சம். 20,000 ரூபாய்க்கு ஒரு வேரியன்ட் மேலே போனால் வரி மட்டும் 53,000 கூடுகிறது. சேல்ஸ்மேன் சன்ரூஃபைக் காட்டும்போது இந்தக் கணக்கு நினைவில் இருக்கட்டும். (அந்த சன்ரூஃப் நம் மே மாத வெயிலில் எதற்கு என்பது தனிக் கேள்வி.)

அடுத்து மைலேஜ். ‘எவ்வளவு கொடுக்கும்?’ என்ற நம் ஊர்க் கேள்வியை மாருதி விளம்பரமாகவே எடுத்தது. விளம்பர எண் ஆய்வகத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்தது: சுமார் 20 நிமிடம், 10 கிலோமீட்டருக்குச் சற்று மேல், உச்ச வேகம் 90. மேல்மொணவூர் சிக்னலும் ஐந்து பேர் சுமையும் அதில் இல்லை. அந்த எண்ணை இரண்டு காரை ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெட்ரோல் செலவைக் கணக்கிட அதில் கால் பங்கைக் கழித்துவிடுங்கள்.

நட்சத்திரம். கார்களை மோதவிட்டு நட்சத்திரம் போடும் நம் நாட்டின் பாரத் என்கேப் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 5 நட்சத்திரத்துக்குப் பெரியவர் பாதுகாப்பில் 32-க்கு 27, குழந்தைகள் பாதுகாப்பில் 49-க்கு 41 குறைந்தபட்சம். வெறும் நட்சத்திரத்தைப் பார்க்காமல் இந்த இரண்டு எண்ணையும், எந்த வருடம், எந்த வேரியன்ட் சோதிக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள். “ஐந்து நட்சத்திரத் தரத்தில் கட்டியது” என்று மட்டும் இருந்தால் அது சோதனை முடிவு கிடையாது. கிரவுண்ட் கிளியரன்ஸ் எண் சுமையோடா, காலியாகவா என்பதும் அப்படியே. ஒரே நிலையில் எடுத்த எண்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

தோல் விஷயத்தில் மட்டும் வட ஆற்காட்டுக்காரரை யாரும் ஏமாற்றக் கூடாது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று சுற்றிலும் தோல் ஊர்கள். ‘லெதரெட்’, ‘வீகன் லெதர்’, ‘பிரீமியம் அப்ஹோல்ஸ்டரி’ என்று பிரசுரத்தில் வந்தால், பெரும்பாலும் துணிமேல் பி.வி.சி. அல்லது பி.யூ. பூச்சுதான். சாம்பிள் துண்டைத் திருப்பிப் பாருங்கள்: பின்னல் தெரிந்தால் துணி, பஞ்சுபோன்ற நார் தெரிந்தால் தோல். பி.யூ. பூச்சில் மலிவான ரகம் வியர்வையும் சூடும் பட்டுச் சில வருடத்தில் உரியும், பி.வி.சி. உரியாது, வெயிலில் தொடை சுடும். பெரியப்பாவுக்கும் ஒன்று சொல்லுங்கள்: அம்பாசிடரின் சீட்டும் பெரும்பாலும் ரெக்ஸின்தான்.

இங்கேயே தோல் வாங்கிச் சீட் தைத்துக்கொள்ள ஆசை வரும். ஆட்டுத்தோல் ஒன்று 4, 5 சதுர அடிதான் தேறும். சீட்டுக்கு ஒட்டுப்போட்டே தைக்க வேண்டிவரும். மாட்டுத்தோலோ எருமைத்தோலோ 1.1 முதல் 1.3 மி.மீ. தடிமனில் எடுங்கள். செருப்புக்குப் பதப்படுத்தியது வேண்டாம், அது வெயிலில் நிறம் விடும், மடிப்பில் வெடிக்கும். சீட்டுக்கென்று பதப்படுத்தியதைக் கேட்டு வாங்குங்கள். அதைவிட முக்கியம்: முன்சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் அடையாளத் துண்டு தைத்திருந்தால் அந்த இடத்தை மூடும் கவர் போடவே கூடாது. போட்டே ஆக வேண்டுமென்றால், ஏர்பேக் விரியும்போது பிரிந்துகொள்ளும் தையலோடு அந்த மாடலுக்கென்றே செய்தது மட்டும்.

விளம்பரத்தில் நட்சத்திரக்குறி போட்டு அடியில் எறும்பெழுத்தில் எழுதுவதற்கும் விதி உண்டு. 2022 ஜூனில் வந்த மத்திய அரசின் தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதலின்படி, எந்த மொழியில் சலுகையைச் சொன்னார்களோ அதே மொழியில் நிபந்தனையும் இருக்க வேண்டும். தமிழ் நாளிதழில் தமிழில் சலுகை, ஆங்கிலத்தில் நிபந்தனை என்றால் புகாருக்கு இடம் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காரே கையில் வந்தபின் ஏமாற்றம் என்றால், கொடுத்த பணம் 50 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். அதற்கு விளம்பரத் தாளும், வேரியன்ட் பெயர் எழுதிய கொட்டேஷனும், சேல்ஸ்மேன் வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் வேண்டும். வாய்ப்பேச்சு நிற்காது.

அம்பாசிடரை வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளலாம், வீட்டின் ஒரே வண்டியாக வேண்டாம். இன்றைய சிக்கல் பெட்ரோல். பம்புகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பெட்ரோல் எரிய எடைக்கு 14.7 மடங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 மடங்கு போதும். கார்புரேட்டருக்கு இது தெரியாது, பழைய அளவிலேயே ஊற்றும், கலவை மெலியும். அடையாளம்: பிளக் வெள்ளை பூத்திருக்கும், ஏற்றத்தில் இன்ஜின் திணறும், சைலன்சரில் வெடிக்கும். கார்புரேட்டர் சோலெக்ஸ் ரகம் என்றால் மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளையை) ஒரு அளவு ஏற்றுங்கள். உதாரணத்துக்கு 115-ஐ 120 ஆக்கினால் துளைப் பரப்பு சுமார் 9 சதவீதம் கூடும். எஸ்.யூ. ரகம் என்றால் அடியில் உள்ள நட்டை ஒவ்வொரு முகமாக (ஆறில் ஒரு சுற்றாக) இறக்கி, பிளக் வெளிர்பழுப்பு நிறத்துக்கு வரும்வரை பாருங்கள்.

எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் எத்தனாலுக்கு ஏற்ற ரகமாக மாற்றுங்கள். பம்ப் டயாஃப்ரம், கார்க் கேஸ்கெட்டுகளும் அதோடு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், தண்ணீர் சேர்ந்தால் டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி வையுங்கள், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரை வடித்துவிடுங்கள்.

வேலூர் வெயிலில் 40 டிகிரி தாண்டினால் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகி வண்டி நிற்கும், ஏலகிரியின் 14 வளைவில் ஏறும்போது நிச்சயம். ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டுக் காத்திருப்பது பழைய வைத்தியம். நிரந்தர வழி, இன்ஜினின் சூடான மேனிஃபோல்டு குழாய்க்கும் பெட்ரோல் பைப்புக்கும் நடுவே தகடு, பைப்புக்கு வெப்ப உறை, டேங்க் பக்கத்தில் 2 முதல் 3 பி.எஸ்.ஐ. அழுத்தமுள்ள எலெக்ட்ரிக் பம்ப். அதற்குமேல் அழுத்தம் இருந்தால் ஃப்ளோட் ஊசி தாங்காமல் பெட்ரோல் வழியும், சூடான மேனிஃபோல்டு மேலேயே வழியும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றவே கூடாது. பாலாற்றங்கரை போர் தண்ணீரின் உப்பு இரண்டு கோடையில் ட்யூபை அடைத்துவிடும். டி.எம். தண்ணீரும் (உப்பு நீக்கியது) கூலன்ட்டும் கலந்து ஊற்றுங்கள்.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தோடு நின்றுபோனது. இந்த இன்ஜினில் வால்வ் சீட் வார்ப்பிரும்பிலேயே வெட்டியது. நெடுஞ்சாலையில் வேகமாக நெடுநேரம் ஓடினால் எக்ஸாஸ்ட் வால்வ் சீட் தேயும். எக்ஸாஸ்ட் டேப்பெட் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் அதுதான். அடுத்தமுறை ஹெட்டைக் கழற்றும்போது லேத்தில் கொடுத்துக் கடின சீட் இன்செர்ட் போட்டுவிடுங்கள், அதுவரை 70-ஐத் தாண்ட வேண்டாம்.

ஆர்.சி. விஷயம். ‘வி.ஏ.’ எழுத்து வரும் வின்டேஜ் எண் முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிக்குத்தான். 1984 வண்டிக்கு 2034-ல்தான் வாய்ப்பு. வாங்கினாலும் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். குடியாத்தம் கல்யாணத்துக்கு எடுத்துப்போக முடியாது. ஆகவே படிவம் 25 கொடுத்து 5 ஆண்டுக்கு ஒருமுறை சாதாரணப் புதுப்பிப்புதான் வழி. 20 ஆண்டைத் தாண்டிய காருக்குக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக ஏறியது. பசுமை வரி தனி. இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன் புகைச் சான்று வாங்க வேண்டும், இந்த வயது வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம். ஜெட் ஏற்றியதால் சோலெக்ஸ் வண்டி தேறாது என்று பயப்பட வேண்டாம், சோதனை ஐடிலில்தான் நடக்கிறது, மெயின் ஜெட்டுக்கு அங்கே வேலை குறைவு. வண்டியை அரை மணி ஓட்டி நன்றாகச் சூடேற்றி, ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, ஐடில் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை இன்ஜின் தடுமாறத் தொடங்கும்வரை உள்ளே திருகி, அங்கிருந்து அரைச் சுற்று வெளியே விட்டு, அதன்பின் சென்டருக்கு எடுத்துப் போங்கள்.